மஞ்சள் மூடி

ஜூலை 6, சனி

நோயைப் பற்றி எழுதினால் அது வீட்டிலேயே தங்கிவிடும் என்று அம்மா நம்புகிறாள். அதனால் எல்லோரும் படுத்த பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போன வருடத்து அறிவியல் நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா விழுந்த நாளிலிருந்து எழுதாமல் தூக்கம் வருவதில்லை.

இன்று அப்பாவோடும் காஜா மாமாவோடும் மதுரை ஆசுபத்திரிக்குப் போய் வந்தேன். அப்பா அரசு பஸ் டிரைவர். காஜா மைதீன் மாமா அதே பஸ்ஸில் கண்டக்டர். சொந்தம் இல்லை, ஆனால் நான் பேசப் பழகிய நாளிலிருந்து அவர் மாமாதான், சம்சாத் அத்தை அத்தைதான். அவர்கள் வீடு திண்டுக்கல்லில் எங்களுக்கு அடுத்த தெரு. மாமாவுக்கு மார்ச்சில் நெஞ்சுவலி வந்தது. அப்பாவுக்கு ஏப்ரலில், வத்தலக்குண்டு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது. இரண்டு பேருக்கும் ஒரே ஆசுபத்திரியில்தான் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

“இருவது வருசமா நான் விசில் அடிச்சாத்தான் இவன் வண்டிய எடுப்பான். நெஞ்சுவலிக்கும் என் விசிலுக்குக் காத்திருந்திருக்கான் பாரு” என்று மாமா பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அப்பா, “சும்மா வாய்யா ராவுத்தரே” என்றார். சிரித்தார். அப்பா சிரித்துப் பல நாளாகிறது.

அங்கே இரண்டு பேரும் ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறார்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் மறுபடியும் மாரடைப்பு வரும். அதைத் தடுக்க ஒரு பழைய மருந்து இருக்கிறது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது. எது மேல் என்று பார்க்கிறார்கள். ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஜெபசீலி சிஸ்டர் இன்றும் முதலிலிருந்து சொன்னார். ஆளுக்கு இரண்டு டப்பா. ஒன்றுக்கு வெள்ளை மூடி, ஒன்றுக்கு மஞ்சள் மூடி. வெள்ளையில் பழைய மருந்து, மஞ்சளில் புதியது. ஆனால் ஒருவருக்கு ஒரு டப்பாவில்தான் நிஜ மருந்து இருக்கும். மற்றதில் இருப்பது டம்மி. யாருக்கு எது நிஜம் என்று சிஸ்டருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். இது போக இரண்டு பேரும் தினம் ஆஸ்பிரினும் போட வேண்டும்.

“ரெண்டு டப்பாவும் ஜோடி. ஜோடிய பிரிக்கக் கூடாது. வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. வெளங்குச்சா?” என்றார் சிஸ்டர்.

“டபுள் விசில் சிஸ்டர், போலாம்” என்றார் மாமா.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. “மனுசன வச்சு சோதிக்கிறாங்க. நீ என்ன எலியா?” என்று அப்பாவிடம் சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்கிறாள்.

ஜூலை 9, செவ்வாய்

சாயங்காலம் மாமா வந்தார். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிதான். ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

“டாக்டர்ட்ட சொன்னியா?” என்று அப்பா கேட்டார்.

“சொன்னேன். சில பேருக்கு அப்படி இருக்குமாம், போகப் போகச் சரியாயிருமாம். மஞ்ச மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்துல நெஞ்ச யாரோ கையால பிடிச்ச மாரி இருக்குய்யா. மாடிக்கு ஏற முடியல. சம்சாத் தனியாத்தான் மேல உக்காந்திருக்கா.” பிறகு, “உனக்கு?” என்றார்.

“எனக்கு ஒண்ணுமே பண்ணல. போட்ட மாரியே தெரியல.”

“அப்ப உன் மஞ்ச நல்ல மஞ்ச. எனக்கு வாய்ச்சது சரியில்ல.”

அப்பா யோசித்தார். அப்பாவின் தலைவலித் தைலத்தை மாமா எடுத்துப் போவார்; மாமாவின் கண் சொட்டு மருந்தை அப்பா போட்டுக்கொள்வார். ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்கும் கேட்கும் என்று இரண்டு பேருக்கும் அப்படியொரு நம்பிக்கை.

“என்னோடத நீ போடு. உன்னோடத நான் போடுறேன். எனக்கு எதைப் போட்டாலும் தாங்கும்” என்றார் அப்பா.

நான் கதவோரம் நின்றிருந்தேன். “சிஸ்டர் மாத்தக் கூடாதுன்னாங்கப்பா” என்றேன்.

“ரெண்டும் ஒரே நோய்க்குத்தான கண்ணு. வெளிய சொல்லாத. சொன்னா ரெண்டு பேரையும் ஆராய்ச்சிய விட்டு எடுத்துருவாங்க. அப்புறம் பெரிய டாக்டர் எங்களப் பாக்கவும் மாட்டாரு.”

அப்பாவின் மஞ்சள் மூடி டப்பாவை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனதும், மாமாவுடையதை வாங்கி வந்ததும் நான்தான். சம்சாத் அத்தை என் கையில் இரண்டு அதிரசம் வைத்தார்.

ஜூலை 10, புதன்

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

ஜூலை 17, புதன்

மாமாவுக்கு மூச்சு முட்டவே இல்லையாம். நேற்று அத்தையோடு மாடிக்குப் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாராம். இன்று பள்ளி விட்டு வரும்போது கறிக்கடைப் பக்கம் பார்த்தேன். சைக்கிளில் வந்தார்.

“உங்கப்பன் மாத்திரை அமிர்தம்டி ரஞ்சனி” என்றார். “சொல்லு அவன்கிட்ட. ராவுத்தர் மலைக்கோட்டை ஏறப் போறாருன்னு.”

அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். “கேட்டுருச்சு பாத்தியா” என்றார். பல்லில் ரத்தம் இருந்தது. பல் தேய்த்தால் இப்போதெல்லாம் வருகிறது என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

அப்பாவின் தலையணை உறையில் ரத்தம். அம்மா எழுவதற்குள் உப்புப் போட்டுத் தேய்த்துத் துவைத்துக் காயப்போட்டேன். முழுதாகப் போகவில்லை. அம்மா கேட்டால் என்னுடையது என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அறிவியல் டெஸ்ட்டில் ஐம்பதுக்குப் பதினெட்டு. மிஸ் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்.

ஜூலை 24, புதன்

அப்பா டெப்போவுக்குப் போகவில்லை. நெஞ்சுவலி வந்ததிலிருந்து அவருக்கு ஸ்டியரிங் இல்லை. வண்டி வருவதையும் போவதையும் எழுதும் வேலைதான். அதற்கும் போகவில்லை. காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து, துண்டை வைத்து அழுத்தியும் நிற்க வெகுநேரம் ஆனது. முழங்கையில், தொடையில், எங்கே இடித்தார் என்றே தெரியாத இடங்களில் கன்றிப்போயிருக்கிறது.

“சூடு” என்றாள் அம்மா. மோர் கரைத்துக் கொடுத்தாள். வெந்தயம் ஊறவைத்தாள். என்னைப் பார்த்து, “நீ எதுக்குடி இப்படி முழிக்கிற?” என்றாள்.

அப்பாவைத் தனியாகப் பிடித்து, “நிறுத்திருங்கப்பா” என்றேன்.

“நிறுத்தி? அவன் மாத்திரைய அவனுக்கே திருப்பிக் குடுக்கவா? இப்பத்தான் அவன் மனுசனா நடமாடுறான். எனக்கு இது கொஞ்ச நாள்ல சரியாயிரும்.”

அப்பா சாகப்போகிறார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

கணக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ரஃப் நோட்டில் நான்கு வட்டம் போட்டேன். அப்பா வெள்ளை, அப்பா மஞ்சள். மாமா வெள்ளை, மாமா மஞ்சள். நிஜ மருந்து என்றால் வட்டத்துக்குள் பென்சிலால் தீட்டினேன். மாமாவுக்கு மஞ்சள்தான் மூச்சு முட்டியது. அதனால் அவருக்கு மஞ்சளைத் தீட்டினேன், வெள்ளையை விட்டுவிட்டேன். அப்பாவுக்கு மஞ்சள் ஒன்றும் செய்யவில்லை. அதனால் அவருக்கு வெள்ளையைத் தீட்டினேன். பிறகு மஞ்சளை மட்டும் இடம் மாற்றினேன்.

அப்பா பக்கம் இரண்டு வட்டமும் கறுப்பு. மாமா பக்கம் இரண்டும் வெறும் வட்டம்.

இரண்டு பேருக்கும் ஆரம்பத்திலேயே ஒரே மருந்து கிடைத்திருந்தால் மாற்றியதால் ஒன்றும் ஆகாது. அப்படித்தான் இருக்கும். மாமா சைக்கிள் ஓட்டுகிறார். மருந்தே இல்லாத ஆள் சைக்கிள் ஓட்ட முடியுமா?

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

ஜெபசீலி சிஸ்டர் போன் செய்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன்.

“அப்பா எப்படி இருக்காங்கம்மா? ரத்தம் கித்தம் ஏதாவது வருதா?”

“நல்லா இருக்காங்க சிஸ்டர்.”

“கண்டக்டர் சார் போன் எடுக்கல. அவரு?”

“அவங்களும் நல்லா இருக்காங்க.”

அம்மா பக்கத்திலேயே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? திங்கட்கிழமை பள்ளிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து நானே கூப்பிடலாம்.

ஜூலை 28, ஞாயிறு

காஜா மாமா இன்று காலையில் இறந்துவிட்டார்.

ஜூலை 29, திங்கள்

மாமா கறி வாங்கிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாராம். அத்தை தண்ணீர் எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம். ஆட்டோ வந்தபோது மூச்சு இல்லை. கறிப் பை அவர் மடியிலேயே இருந்ததாம்.

மாமாவைக் கிடத்திய சந்தூக்கைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போகும்போது அப்பா யார் சொல்லியும் கேட்காமல் முன்பக்கம் தோள் கொடுத்தார். டெப்போ ஆட்கள், “அண்ணே, நீங்க விடுங்க” என்று கெஞ்சினார்கள். “இத்தன வருசம் நான்தான முன்னாடி இருந்தேன்” என்றார்.

ராத்திரி சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். தோளிலிருந்து மார்பு வரை கருநீலமாகக் கன்றியிருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டே மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். திட்டவில்லை.

திங்கட்கிழமை முடிந்துவிட்டது.

ஜூலை 31, புதன்

மூன்றாம் நாள் பாத்திஹா நேற்று. இன்று அம்மா என்னை இட்லியோடு அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். அத்தை இத்தாவில் இருக்கிறார். இன்னும் நான்கு மாதத்துக்கும் மேல் அந்த அறையை விட்டு வெளியே வர மாட்டார். வெளி ஆண்கள் அவரைப் பார்க்கக் கூடாது. வாசலில் பச்சைத் திரை தொங்குகிறது. நான் உள்ளே போகலாம்.

அத்தை தட்டை வாங்கி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மஞ்சள் மூடி.

“இது உங்க அத்தாவோடதுதானம்மா” என்றார். அவர்கள் அப்பாவை அத்தா என்றுதான் சொல்வார்கள். “மாமாவுக்கு நல்லாக் கேட்டுச்சு. கடைசிவரைக்கும் மூச்சு முட்டலேன்னுதான் சொன்னாரு. நிறைய மிச்சம் இருக்கு, வீணாகக் கூடாது. அத்தாவப் போடச் சொல்லு. அவராவது நல்லா இருக்கட்டும்.”

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தார். சாப்பிட்ட பிறகு பழையபடி மாமாவின் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

“அதை ஏம்பா இன்னும் போடுறீங்க? இதுதான் உங்களோடது” என்றேன்.

“அவன் குடுத்தது. முடியுற வரைக்கும் போடுறேன்” என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆசுபத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பெஞ்சில் தூங்குகிறாள்.

காலையில் அப்பா கழிப்பறையிலிருந்து வெளியே வரவில்லை. கதவைத் தள்ளித் திறந்தோம். கீழே கிடந்தார். தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. முகத்தில் நிறமே இல்லை. நூற்றி எட்டு வண்டியில் மதுரைக்குக் கொண்டுவந்தோம். ரத்தம் ஏற்றினார்கள்.

டாக்டர் கேட்டார். “ஆராய்ச்சி மாத்திரையும் ஆஸ்பிரினும் தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? வலி மாத்திரை, நாட்டு மருந்து?”

அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று.

“கீரையும் மோரும்தான் சார்” என்றாள் அம்மா.

“வயித்துக்குள்ள இவ்வளவு ரத்தம் எதனாலன்னு தெரியாம நான் எதை நிறுத்துறது?” என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் கூடியது.

நான் சொன்னேன். ஒன்பதாம் தேதி மாற்றியதை, நான் கொண்டுபோனதை. அம்மா திரும்பி என் கன்னத்தில் அறைந்தாள். ஜெபசீலி சிஸ்டர் அவள் கையைப் பிடித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் உடனே வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். யாருக்கு எந்த மருந்து என்ற விவரம் வேறு ஊரில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கேட்கலாமாம். திரும்பி வந்தபோது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் எதுவும் சொல்லாமல் எந்த மாத்திரையும் தர வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னார்.

சிஸ்டர் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப் போய் முகம் கழுவச் சொன்னார். “நீ சொன்னதாலதான் அப்பா பொழச்சாரு” என்றார். மாமா இறப்பதற்கு முந்தின நாள் போன் செய்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 7, புதன்

அப்பா உட்காருகிறார். கஞ்சி குடித்தார். இன்று டாக்டரும் சிஸ்டரும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

“உங்களுக்கு நாங்க குடுத்தது பழைய மருந்து. அது வெள்ளை டப்பாவுல இருந்துச்சு” என்றார் டாக்டர். “உங்க நண்பருக்குப் புது மருந்து. அது அவரோட மஞ்சள் டப்பாவுல. அதையும் சேர்த்து நீங்க போட்டிருக்கீங்க. ஆஸ்பிரின் வேற. ரத்தம் எப்படிக் கட்டும்?”

“அப்ப அவனுக்கு?” என்றார் அப்பா.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார்.

“ஆஸ்பிரின் மட்டும்தான் சார் போயிருக்கு” என்றார் சிஸ்டர். “மத்த ரெண்டும் டம்மி.”

“மூச்சு முட்டல, நல்லா இருக்குன்னானே.”

“அந்த மருந்து சில பேருக்கு மூச்சு முட்டும். மருந்து நின்னதால அது நின்னுச்சு. ஸ்டென்ட்டு வச்சு கொஞ்ச மாசந்தான் ஆகுது. ஆஸ்பிரின் மட்டும் போதாது. ரத்தம் கட்டிக்கும். அவருக்கும் அதுதான் நடந்திருக்கணும்.”

அப்பா போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு கேட்டார்: “ஆராய்ச்சிய நாங்க கெடுத்துட்டோமா?”

“புது மருந்து எடுத்தவருக்கே இப்படி ஆயிருச்சுன்னுதான் கணக்குல போயிருக்கும்” என்றார் டாக்டர். “இப்ப நடந்தத நடந்தபடி எழுதிருவோம். உங்க பொண்ணு சொல்லலேன்னா தெரிஞ்சிருக்காது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா ஆராய்ச்சியில் இல்லை. இனிமேல் பழைய மருந்து மட்டும், டம்மி கிடையாது. அம்மா மாத்திரையைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, நேரத்துக்கு அவளே வாயில் போடுகிறாள்.

அப்பா என்னிடம் பேசுவதில்லை. கோபம் இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அப்பா சம்சாத் அத்தையிடம் சொல்லப் போகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். “செத்தவரு திரும்பியா வரப்போறாரு? அந்தம்மா மனசுல இன்னொரு கல்லத் தூக்கி வைக்கணுமா?”

“என் மாத்திரைய நல்ல மாத்திரைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க ராஜாமணி. மிச்சத்தக்கூடக் குடுத்து விட்டாங்க.”

நானும் போனேன். அப்பா திரைக்கு வெளியே நின்றார். என்னை உள்ளே போய் அத்தை பக்கத்தில் உட்காரச் சொன்னார். அத்தை வெள்ளைச் சேலையில், சுவரில் சாய்ந்து, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அத்தையின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தேன். அத்தை அழவில்லை. மணி உருட்டுவது மட்டும் நின்றிருந்தது.

“அண்ணே” என்றார் கடைசியில். “அந்தக் கொஞ்ச நாளு எங்கூட மாடியில வந்து உக்காந்தாரு. கல்யாணமான புதுசுல பேசுன மாரி பேசுனாரு. நான் மருந்த நெனச்சு தொழுகையில அல்லாவுக்கு நன்றி சொல்லி சுக்ர் சொன்னேன். அது மருந்து இல்லாததால வந்ததுங்கிறீங்க.”

“ஆமாம்மா.”

“அதையும் எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்தீங்களா?”

அப்பாவின் பாதங்கள் திரைக்குக் கீழே தெரிந்தன. அவை அசையவில்லை.

“வெயில்ல நிக்காதீங்கண்ணே. உடம்பு இப்பத்தான் தேறுது. வீட்டுக்குப் போங்க” என்றார் அத்தை.

பிறகு என் பக்கம் திரும்பி, அப்பாவுக்குக் கேட்காதபடி கேட்டார்: “ஒனக்கு இது எப்பம்மா தெரிஞ்சுச்சு?”

“ஆசுபத்திரியிலதான் அத்தை. டாக்டர் சொல்லித்தான்.”

“அதானே” என்றார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீ எங்கிட்டச் சொல்லியிருப்ப.”

அப்பா தெருவில் இறங்கி நடக்கும் சத்தம் கேட்டது. போகணும் அத்தை என்று எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்திருந்தார். விடவில்லை. நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.